சதுரங்க நிரலுக்குத் தொடக்கப் புத்தகக் கற்றல் தேவையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் சதுரங்க நிரல் எழுதிப் பழகும் கல்லூரி மாணவர்களும், கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கத்துப் பள்ளிகளில் பழைய கணினிகளை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்பவர்களில் பெரும்பாலோரிடம் இருப்பது ஒன்றிரண்டு சாதாரணக் கணினிகளும், அடிக்கடி அறுந்துபோகும் இணையமும்தான் என்பதால், பெரிய ஆய்வுக்கூடங்களுக்குப் பொருந்தும் பதிலைவிட அந்தச் சூழலுக்குப் பொருந்தும் பதிலையே முன்னால் வைத்திருக்கிறேன்.

தொடக்கப் புத்தகம் என்பது நிரலுக்குள் எந்த வடிவில் இருக்கிறது?

ஆட்டத்தின் முதல் சில நகர்த்தல்களை நிரல் தானே தேடிக் கண்டுபிடிக்காமல், முன்கூட்டியே சேமித்துவைத்த கோப்பிலிருந்து எடுத்து ஆடுகிறது. அந்தக் கோப்பைத்தான் தொடக்கப் புத்தகம் என்கிறோம். ஆடிய ஆட்டங்களையோ தன் தேடலையோ வைத்து அதில் எந்த நகர்த்தலை விரும்பி ஆடுவது என்பதை நிரலே திருத்திக்கொள்வது புத்தகக் கற்றல். பரவலாகப் புழங்கும் வடிவம் ஃபேபியன் லெதூசே உருவாக்கிய பாலிகிளாட். அதில் ஒவ்வொரு பதிவும் 16 பைட்: நிலையை அடையாளம் காட்டும் எண்ணுக்கு 8, நகர்த்தலுக்கு 2, எடைக்கு (அந்த நகர்த்தலை எவ்வளவு விரும்பி ஆடவேண்டும் என்று காட்டும் எண்ணுக்கு) 2, கற்றலுக்கென்று ஒதுக்கிய இடம் 4. பத்து லட்சம் பதிவுகள் இருந்தாலும் கோப்பு 16 மெகாபைட்தான் ஆகும் என்பதால் பழைய கணினியிலும் இடப் பிரச்சினை வராது.

நிலையின் அடையாள எண் 781 தற்செயல் எண்களிலிருந்து கணக்கிடப்படுகிறது. 12 வகைக் காய்கள் 64 கட்டங்களில் நிற்பதற்கு 768, கேஸ்லிங் (ராஜாவும் யானையும் சேர்ந்து நகர்வது) உரிமைகளுக்கு 4, ஆன்பசான் (இரண்டு கட்டம் தாண்டிய சிப்பாயை வழியில் அடிப்பது) நடக்கக்கூடிய நெடுவரிசைகளுக்கு 8, யாருடைய முறை என்பதற்கு 1. இந்த ஏற்பாட்டால், நகர்த்தல்கள் எந்த வரிசையில் ஆடப்பட்டாலும் ஒரே நிலைக்கு வந்துசேர்ந்தால் ஒரே பதிவே கிடைக்கும். கற்றலைப் பற்றி யோசிக்கும்போது இது மிக முக்கியம்: நீங்கள் திருத்துவது ஒரு வரிசையை அல்ல, ஒரு நிலையை.

அந்த 4 பைட் கற்றல் இடத்தைப் பெரும்பாலான நிரல்கள் தொடாமல் வெறுமையாகவே விட்டுவிடுகின்றன. அதைப் பயன்படுத்தலாமா, பயன்படுத்தினால் எதை எழுதுவது என்பதுதான் இந்தப் பக்கத்தின் பொருள்.

அப்படியானால் புத்தகக் கற்றலால் உண்மையில் பயன் உண்டா, இல்லையா?

உண்டு, ஆனால் பலரும் எதிர்பார்க்கும் இடத்தில் இல்லை. தோற்ற ஒரு வழியில் மறுபடியும் போய் விழாமல் நிரலைக் காப்பதற்குக் கற்றல் நன்றாக உதவுகிறது. வென்ற வழிகளைச் சேர்த்துச் சேர்த்து நிரலைப் பலசாலியாக்குவதற்கு அது மிகக் குறைவாகவே உதவுகிறது. சில நேரங்களில் கெடுதலும் செய்கிறது.

காரணம் எளிது. புத்தகத்துக்குள் இருக்கும் நிரல் யோசிப்பதில்லை. கோப்பில் இருப்பதை அப்படியே ஆடுகிறது. புத்தகத்தில் ஒரு பிழையான வழி இருந்து, அதை எதிராளி ஒருமுறை கண்டுகொண்டுவிட்டால், அவர் அதே ஆட்டத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் ஆடி வெல்லலாம். ஸ்வீடன் கணினிச் சதுரங்கச் சங்கத்தின் தரப்பட்டியலுக்காக நிரல்கள் ஒன்றோடொன்று தொடர்ச்சியாகப் பல ஆட்டங்கள் மோதிய 1990களில் இந்தக் குறை வெளிப்படையாகத் தெரிந்தது. கற்கத் தெரிந்த நிரல், கற்கத் தெரியாத நிரலை ஒரே வழியில் திரும்பத் திரும்ப வீழ்த்தக்கூடிய நிலை இருந்தது. அந்த ஓட்டையை அடைப்பதே கற்றலின் முதல் வேலை. இன்றும் அதுவே அதன் உறுதியான பயன்.

ஆட்டம் தோற்றதற்குத் தொடக்கம்தான் காரணம் என்று நிரலுக்கு எப்படித் தெரியும்?

முடிவை மட்டும் பார்த்தால் தெரியவே தெரியாது. கற்றலை எழுதத் தொடங்கும் மாணவர்கள் அநேகமாக எல்லோரும் முதலில் செய்வது, வென்றால் எடையைக் கூட்டுவதும் தோற்றால் குறைப்பதும்தான். ஆனால் 70 நகர்த்தல் நீண்ட ஓர் ஆட்டத்தில், யானை முடிவாட்டத்தில் ஒரு சிப்பாயைத் தவறவிட்டதால் தோல்வி வந்தால், அதற்காக ஆறாவது நகர்த்தலில் ஆடிய நல்ல வழியைத் தண்டிப்பது நியாயமில்லை. முடிவாட்டம் சரியில்லாத நிரல் எந்தத் தொடக்கத்தை ஆடினாலும் தோற்கும். ஒவ்வொரு தொடக்கத்தையும் வரிசையாகத் தண்டித்துக்கொண்டே போகும்.

இதற்கு ராபர்ட் ஹயாட் தம்முடைய கிராஃப்டி நிரலில் கையாண்ட முறையை நான் இன்றைக்கும் பரிந்துரைக்கிறேன். அதைப் பற்றி 1999இல் கட்டுரையும் எழுதியிருக்கிறார். புத்தகத்தை விட்டு வெளியே வந்த பிறகு நிரல் தானே தேடி ஆடும் முதல் பத்து நகர்த்தல்களின் மதிப்பீடுகளை (யார் எவ்வளவு முன்னால் என்று சிப்பாய்க் கணக்கில் காட்டும் எண்களை) குறித்துக்கொண்டு, ஆட்டத்தின் முடிவுக்காகக் காத்திராமல் அவற்றை வைத்தே கற்பது அந்த முறை. தேடல் எவ்வளவு ஆழம் போயிற்று, எதிராளி எவ்வளவு பலமானவர் என்பவையும் கணக்கில் சேரும்.

ஒரே ஓர் எண்ணைப் பார்க்காமல் பத்து எண்களைப் பார்ப்பதில் பொருள் இருக்கிறது. சிப்பாயைக் கொடுத்து வேகத்தை வாங்கும் கேம்பிட் வகைத் தொடக்கங்களில், புத்தகம் முடிந்த கணத்தில் நிரலின் மதிப்பீடு அரைச் சிப்பாய், முக்கால் சிப்பாய் அளவுக்குக் கீழே காட்டும். அந்த ஒரு எண்ணை நம்பினால் நல்ல கேம்பிட்டுகள் எல்லாம் புத்தகத்திலிருந்து அழிந்துபோகும். அடுத்த ஏழெட்டு நகர்த்தல்களில் மதிப்பீடு படிப்படியாக ஏறிவந்தால், கொடுத்த சிப்பாய்க்கு ஈடு கிடைத்துவிட்டது என்று பொருள். மாறாக, வெளியே வந்ததும் சுழியத்தில் இருந்து, பத்து நகர்த்தலுக்குள் ஒன்றரைச் சிப்பாய்க்குச் சரிந்தால், தேடலுக்கு எட்டாத தூரத்தில் புத்தகம் நம்மைக் குழியில் இறக்கிவிட்டிருக்கிறது. மதிப்பீடு பத்து நகர்த்தலும் ஆடாமல் அசையாமல் இருந்து, ஆட்டம் நாற்பதாவது நகர்த்தலில் தோற்றிருந்தால், புத்தகத்தைத் தொடாதீர்கள்.

தண்டனையை எங்கே எழுதுவது என்பதும் கவனிக்க வேண்டியது. புத்தகத்தின் கடைசி நகர்த்தலில் மாற்று வழியே இல்லாவிட்டால், அங்கே எடையைக் குறைப்பதால் ஒன்றும் நடக்காது. ஒன்றுக்கு மேற்பட்ட நகர்த்தல்கள் இருந்த அண்மை நிலைவரை பின்னோக்கிப் போய், அங்கே முழு அளவிலும், அதற்கு முந்தைய கிளைகளில் படிப்படியாகக் குறைந்த அளவிலும் எழுதுங்கள். பன்னிரண்டாவது நகர்த்தலின் தவறுக்காக முதல் நகர்த்தலான இ4ஐத் தண்டித்தால், நிரல் ஒரு வாரத்தில் ராஜா பக்கச் சிப்பாயை நகர்த்தவே மறுக்கும்.

எங்கள் பள்ளிப் பிள்ளைகளோடு ஆடியே நிரல் கற்றுக்கொள்ளுமா?

கற்றுக்கொள்ளும், தவறானதைக் கற்றுக்கொள்ளும். இதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நம் ஊர்ப் பள்ளிகளில் நிரலுக்குக் கிடைக்கும் எதிராளிகள் பெரும்பாலும் பிள்ளைகள்தான்.

பிள்ளைகள் பொறியில் விழாமல் பழகவேண்டும் என்பதற்காக, இ4, இ5 ஆனதும் ராணியை எச்5க்குக் கொண்டுவரும் வழியைப் பல ஆசிரியர்கள் புத்தகத்தில் கையால் சேர்த்துவைக்கிறார்கள். குதிரை சி6, பிஷப் சி4 என்று போய், பிள்ளை அவசரப்பட்டுக் குதிரையை எஃப்6இல் வைத்தால், ராணி எஃப்7 சிப்பாயை அடித்து நான்காவது நகர்த்தலிலேயே மேட். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக வந்து உட்கார்ந்தால் ஒரே மதியத்தில் இந்த வழிக்கு ஏராளமான வெற்றிகள் சேர்ந்துவிடும். முடிவை வைத்துக் கற்கும் நிரல், இரண்டாவது நகர்த்தலில் ராணியை வெளியே எடுப்பதே சதுரங்கத்தின் தலைசிறந்த வழி என்று எழுதிவைத்துக்கொள்ளும். பிறகு வயதில் மூத்த, நன்றாக ஆடும் மாணவர் ஒருவர் எதிரே உட்கார்ந்தால், சிப்பாயை ஜி6க்கு ஏற்றி ராணியை விரட்டிக்கொண்டே தம் காய்களை எல்லாம் வெளியே கொண்டுவந்துவிடுவார். நிரலோ அடுத்த ஆட்டத்திலும் அதையே ஆடும், ஏனென்றால் சேர்ந்திருக்கும் வெற்றிகளின் எடைக்கு முன்னால் ஒரு தோல்வி எடுபடாது.

எதிராளியின் தரத்தைக் கணக்கில் சேர்ப்பது இதற்கு ஒரு மருந்து. ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தரப்புள்ளி இருக்காது. எனவே நான் சொல்வது: பலவீனமான எதிராளியிடம் பெற்ற வெற்றியிலிருந்து எதையுமே கற்காதீர்கள், அவரிடம் தோற்றாலோ, புத்தகத்தை விட்டு வந்ததும் மதிப்பீடு சரிந்தாலோ மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளையிடம் தொடக்கத்திலேயே சிக்கலுக்கு உள்ளாகும் வழி நிச்சயமாக ஆராயத்தக்கது.

பெரும் ஆட்டக்காரர்களின் ஆட்டங்களிலிருந்து செய்த புத்தகம் இருந்தால் போதாதா? அந்த எடைகள் சரியானவைதானே?

அந்த எடைகளும் முடிவுகளிலிருந்து வந்தவையே. பாலிகிளாட் புத்தகத்தைத் தயாரிக்கும்போது ஒவ்வொரு வெற்றிக்கும் 2, ஒவ்வொரு சமனுக்கும் 1 என்று கூட்டி எடை போடப்படுகிறது. தோல்விகள் கழிக்கப்படுவதே இல்லை. ஒரு நகர்த்தல் 1000 ஆட்டங்களில் ஆடப்பட்டு 300 வெற்றி, 300 சமன், 400 தோல்வி கண்டிருந்தால் எடை 900. இன்னொன்று 100 ஆட்டங்களில் 70 வெற்றி, 20 சமன், 10 தோல்வி என்றால் எடை 160. முதலாவது 45 விழுக்காடு, இரண்டாவது 80 விழுக்காடு புள்ளி எடுத்திருக்கிறது. ஆனாலும் எடைக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கும் நிரல், நூற்றில் 85 முறை முதலாவதையே ஆடும். எத்தனை பேர் ஆடினார்கள் என்பதுதான் அந்த எடையில் பெரும்பகுதி. எவ்வளவு நன்றாக ஆடப்பட்டது என்பது அதில் சிறுபகுதியே.

கற்றலுக்கு வெற்றி, சமன், தோல்வி மூன்றையும் தனித்தனி எண்ணிக்கையாக வைத்துக்கொள்வதே நல்லது.

இரண்டு ஆட்டம் தோற்றால் ஒரு வழியைக் கைவிட்டுவிடலாமா?

அவ்வளவு அவசரம் வேண்டாம். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் தொடக்கத்திலேயே கற்பனையாக 20 ஆட்டங்கள், அவற்றில் 10 புள்ளி என்று வரவு வைத்துவிடுங்கள். பிறகு இரண்டு ஆட்டம் தோற்றால் 22க்கு 10, அதாவது 45 விழுக்காடு. ஐந்து தோற்றால் 25க்கு 10, அதாவது 40 விழுக்காடு. வரவு வைக்காமல் கணக்கிட்டால் இரண்டு தோல்வியிலேயே சுழியமாகி, அந்த வழி மறுபடி தலைகாட்டவே வாய்ப்பில்லாமல் போயிருக்கும். பெரும் ஆட்டக்காரர்களின் புள்ளி விவரம் கையில் இருந்தால், 10க்குப் பதிலாக அந்த விழுக்காட்டுக்கேற்ற புள்ளியை வரவில் வைக்கலாம்.

குறைவாக ஆடப்பட்ட வழிகளுக்கு அவ்வப்போது வாய்ப்புக் கொடுப்பதும் அவசியம். எப்போதும் முன்னணியில் உள்ளதையே ஆடினால், இரண்டாவது இடத்தில் உள்ளது உண்மையில் அதைவிட மேலானதா என்பது கடைசிவரை தெரியாது.

ஆட்டங்களை நம்பாமல், தேடலை வைத்தே புத்தகத்தைத் திருத்த முடியாதா?

முடியும், அதுவே சிறந்த வழி என்பது என் உறுதியான கருத்து. அதன் முன்னோடி சதுரங்கத்தில் அல்ல, ஒத்தெல்லோ என்ற பலகை ஆட்டத்தில் வந்தது. 1997 ஆகஸ்டில் உலகச் சாம்பியன் தகேஷி முராகாமியை 6–0 என்று வென்ற லாஜிஸ்டெல்லோ நிரலை எழுதிய மைக்கேல் புரோ, ஆடிய ஆட்டங்களை எல்லாம் ஒரு மரமாக அடுக்கி, ஒவ்வொரு நிலையிலும் இதுவரை ஆடப்படாத நகர்த்தல்களில் மிகச் சிறந்தது எது என்பதைத் தேடலால் கண்டு, அதன் மதிப்பையும் மரத்தில் சேர்த்தார். பிறகு இலையிலிருந்து வேருக்கு மினிமேக்ஸ் முறையில், அதாவது இருவரும் தத்தமக்குச் சிறந்ததையே ஆடுவார்கள் என்று கொண்டு, மதிப்புகள் ஏறிவரும். இப்போது ஒரு வழி தோல்வியில் முடிந்தால், நிரல் கண்ணை மூடிக்கொண்டு வேறொன்றைத் தேர்ந்தெடுக்காது. எந்த இடத்தில் விலகினால் எவ்வளவு கிடைக்கும் என்பது அதன் கையிலேயே இருக்கும்.

நம்மைப் போன்றவர்களுக்கு இதில் பெரிய அனுகூலம் உண்டு: எதிராளி தேவையில்லை. பள்ளி மூடியபின் இரவு முழுக்கக் கணினியை ஓடவிட்டு, புத்தகத்தின் ஓரங்களில், அதாவது அது முடியும் இடங்களில், நிற்கும் நிலைகளை ஒவ்வொன்றாக நிதானமாக ஆராயச் சொல்லலாம். எங்கே முதலில் தேடுவது என்பதுதான் கேள்வி, ஏனென்றால் நிலைகள் மிக வேகமாகப் பெருகுகின்றன. தொடக்க நிலையிலிருந்து இருவரும் தலா இரண்டு நகர்த்தல் ஆடும் வழிகள் மட்டுமே 1,97,281. தலா மூன்று என்றால் 11,90,60,324. ஆகையால் நல்ல நகர்த்தல்களால் போய்ச் சேரக்கூடிய ஓரங்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். வேரிலிருந்து வழியில் ஒவ்வொரு நகர்த்தலும் சிறந்ததிலிருந்து எவ்வளவு தாழ்ந்தது என்பதைக் கூட்டி, கூட்டுத்தொகை குறைவான ஓரத்தை முதலில் விரிப்பது போதுமானது.

நிலைக் கற்றல் என்பது வேறா?

ஆம், வேறு. புத்தகத்தின் எடைகளைத் தொடாமல், தேடலின்போது கண்ட முக்கியமான நிலைகளையும் அவற்றின் மதிப்பையும் ஆழத்தையும் கோப்பில் சேமித்து, அடுத்த ஆட்டத்தில் தேடல் அட்டவணையில் (தேடிய நிலைகளை நிரல் நினைவில் வைக்கும் இடத்தில்) ஏற்றிவிடுவது நிலைக் கற்றல். பீபி என்ற சதுரங்கக் கணினியில் இது செய்யப்பட்டிருக்கிறது. மிகப் பலமான சதுரங்க நிரலான ஸ்டாக்ஃபிஷிலிருந்து கிளைத்த பிரெயின்லர்ன் போன்ற இன்றைய நிரல்களும் இதே எண்ணத்தைப் பின்பற்றுகின்றன. தோற்ற ஆட்டத்தில் எந்த இடத்தில் சரிந்தோம் என்பது ஒரு நகர்த்தல் முன்னதாகவே தெரிவதால், நிரல் ஒவ்வொரு ஆட்டத்திலும் சற்று முன்னதாக விலகிக்கொள்ளும்.

ஸ்டாக்ஃபிஷில் புத்தகம் படிக்கும் வசதியே இல்லையே? ஆல்ஃபாசீரோவும் புத்தகம் இல்லாமல்தானே வென்றது?

உண்மை. ஸ்டாக்ஃபிஷ் புத்தகப் பொறுப்பை இடைமுகத்திடமே (பலகையைத் திரையில் காட்டி நிரலை இயக்கும் மென்பொருளிடமே) விட்டுவிட்டது. டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாசீரோ தன்னோடு தானே ஏறத்தாழ 4.4 கோடி ஆட்டங்கள் ஆடி, தொடக்க அறிவை நரம்பு வலைக்குள்ளேயே வாங்கிக்கொண்டது. அதுவும் ஒருவகைத் தொடக்கக் கற்றல்தான். கோப்பில் இல்லாமல் வலையின் எண்களில் இருக்கிறது. அந்த அளவு கணக்கீட்டு வசதி இல்லாதவர்களுக்கு அதை முன்மாதிரியாகக் காட்டுவதில் பயனில்லை. மிகப் பலமான நிரல்களுக்குப் புத்தகக் கற்றல் சேர்க்கும் பலம் சொற்பம். சொந்தமாக எழுதிய சிறிய நிரலுக்கு, அதுவும் பழைய கணினியில் ஓடும் நிரலுக்கு, தேடல் ஆழம் குறைவு என்பதாலேயே புத்தகமும் கற்றலும் இன்னும் பெறுமதி உள்ளவை.

ஐ.பி.எம். நிறுவனத்தின் சதுரங்கக் கணினியான டீப் ப்ளூவை எடுத்துக்கொள்ளுங்கள். 1997 மே 11 அன்று உலகச் சாம்பியன் காஸ்பரோவுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில், காரோ–கான் தடுப்பில், எட்டாவது நகர்த்தலாக இ6 கட்டத்தில் அது குதிரையைப் பலிகொடுத்தது; அந்த நகர்த்தல் புத்தகத்திலிருந்து வந்தது; ஆட்டம் 19 நகர்த்தலில் முடிந்தது. கையால் தேர்ந்தெடுத்த ஏறத்தாழ 4,000 நிலைகளைத் தவிர, 7 லட்சம் ஆட்டங்களிலிருந்து எடுத்த விரிவுப் புத்தகமும் அதற்கு இருந்தது. அந்த விரிவுப் புத்தகத்தின் புள்ளி விவரம், நகர்த்தலுக்குச் சிறிய கூடுதல் மதிப்பாகத் தேடலுக்குள் சேர்க்கப்பட்டது. நீங்கள் கற்றவற்றையும் இப்படியே பயன்படுத்திப் பாருங்கள். ஆடியே தீரவேண்டிய ஆணையாக இல்லாமல், தேடலுக்குத் தரும் குறிப்பாக.

கற்றலால் பலம் கூடியதா என்று எப்படிச் சோதிப்பது?

மிகக் கவனமாக. பாதி ஆட்டங்கள் சமனாகும் போட்டியில் 100 ஆட்டம் ஆடினால், புள்ளி விழுக்காட்டில் இருபக்கமும் 7 அளவுக்குத் தற்செயல் பிழை இருக்கும். தரப்புள்ளியில் இது ஏறத்தாழ 50. ஆகவே 100 ஆட்டத்தில் 30 புள்ளி கூடியது என்று யாராவது சொன்னால் அதற்கு ஆதாரம் இல்லை.

இதைவிடப் பெரிய சிக்கல், கற்றல் இயங்கும்போது ஆட்டங்கள் ஒன்றையொன்று சாராதவையாக இருப்பதில்லை என்பது. ஒரே எதிரி நிரலிடம் ஒரு வெற்றியைக் கண்டுபிடித்து அதையே இருபது முறை ஆடினால், இருபது வெற்றி கணக்கில் ஏறும். கூடியது பலம் அல்ல. இதனால்தான் டி.சி.இ.சி. என்ற சதுரங்க நிரல்களுக்கான போட்டியில் அமைப்பாளர்களே தொடக்கங்களைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் நிறம் மாற்றி இருமுறை ஆடவைக்கிறார்கள். நீங்கள் செய்யவேண்டியது: சில எதிரி நிரல்களோடு ஆடிக் கற்கவிடுங்கள்; பிறகு கற்றலை நிறுத்திவைத்து, அதுவரை சந்திக்காத வேறு நிரல்களோடு ஆடவிட்டு அளந்து பாருங்கள். அங்கேயும் பயன் தெரிந்தால் மட்டுமே நம்பலாம்.

மழைக்காலத்தில் மின்சாரம் போனால் கற்றல் கோப்பு கெட்டுவிடுகிறது. என்ன செய்வது?

கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன், ஜூலையிலும், குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி, கார்த்திகையிலும் மரம் விழுந்து மின்கம்பி அறுவது வழக்கம் என்பதால், இந்தக் கேள்வி எனக்கு மிக அதிகமாக வருகிறது. கோப்பின் நடுவில் திருத்தி எழுதும் நிரல், எழுதிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோனால் பாதிப் பதிவு புதியதாகவும் பாதி பழையதாகவும் நிற்கும்.

முதன்மைப் புத்தகத்தை ஒருபோதும் திருத்தாதீர்கள். ஆட்டம் முடிந்ததும், நிலையின் எண், நகர்த்தல், முடிவு, பத்து மதிப்பீடுகள், கடைசியில் ஒரு சரிபார்ப்பு எண் ஆகியவற்றை ஒரே வரியாகத் தனிப் பதிவேட்டின் இறுதியில் சேர்த்து, வட்டில் எழுதி முடிக்கும்படி இயக்க முறைமைக்குச் சொல்லுங்கள். நிரல் தொடங்கும்போது பதிவேட்டை முதலிலிருந்து படித்து எடைகளைக் கணக்கிடட்டும். சரிபார்ப்பு எண் பொருந்தாத கடைசி வரியை விட்டுவிடட்டும். மின்சாரம் எப்போது போனாலும் அதிகபட்ச இழப்பு ஓர் ஆட்டம்தான்.

இரண்டு பள்ளிகளில் தனித்தனியாகக் கற்ற கோப்புகளை ஒன்றுசேர்க்கலாமா?

எடைகளைச் சேமித்திருந்தால் சேர்ப்பது கடினம். மேலே சொன்னபடி எண்ணிக்கைகளையோ பதிவேட்டையோ வைத்திருந்தால் எளிது. பென்டிரைவில் எடுத்துப்போய் இரண்டு பதிவேடுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தாலே போதும். ஆனால் ஒரு பள்ளியின் கோப்பைப் படியெடுத்துத்தான் இன்னொரு பள்ளி தொடங்கியது என்றால், பொதுவான அந்தப் பழைய ஆட்டங்கள் இரண்டு முறை எண்ணப்படும். ஒவ்வொரு வரிக்கும் கணினியின் பெயரையும் வரிசை எண்ணையும் சேர்த்து எழுதினால், இணைக்கும்போது ஒரே வரி மறுபடி வந்தால் நிரலே நீக்கிவிடும். எந்தக் கணினியில் எவ்வளவு ஆழம் தேடி அந்த மதிப்பீடு வந்தது என்பதையும் வரியில் குறித்துவைப்பது நல்லது. வேகமான கணினியின் மதிப்பீட்டுக்குக் கூடுதல் நம்பிக்கை கொடுத்து, மெதுவான கணினியில் மட்டும் சரிந்ததாகத் தெரிந்த வழிகளை வேகமானதில் ஒருமுறை மறுபடி தேடிப் பார்த்த பின்னரே தண்டிக்கலாம்.